அம்மாவின் பொருத்தனை, மகனின் அழைப்பு: ஒரு சேகரக் கமிட்டியின் அனுபவம்

முன்குறிப்பு

குருவானவராகப் படிக்க விண்ணப்பித்த ஓர் இளைஞரின் கதை இது. தென்மாவட்டம் ஒன்றில், தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு கிராமச் சேகரத்தில் நடந்தது. அப்போது நான் சேகரக் கமிட்டியின் செயலர். மினிட் புத்தகம், விண்ணப்பக் கோப்பு, பின்னால் சொல்லப்போகும் ஒரு நோட்டு எல்லாம் என் கையில்தான் இருந்தன. சம்பந்தப்பட்ட இளைஞரைத் ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன். அவரும் அவருடைய அம்மாவும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் இதை வெளியே கொடுக்கிறேன். அம்மா ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

பின்னணி

ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளைச் சேர்த்துச் சேகரம் என்கிறோம். எங்கள் சேகரத்தில் ஒரு தாய்ச்சபை, ஆறு கிளைச் சபைகள். இறையியல் கல்லூரிக்குப் போக விரும்புகிறவர் முதலில் சேகரக் கமிட்டியின் சிபாரிசை வாங்க வேண்டும். அது பேராயரின் (பிஷப்பின்) நிர்வாகப் பகுதியான திருமண்டலத்தின் அலுவலகத்துக்குப் போகும். அங்கே நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பேராயரின் முடிவு. அப்புறம் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இறையியல் பட்டப்படிப்பு. முடித்து வந்தால் சில காலம் பயிற்சி, உதவிகுரு, பிறகு குருப்பட்டம். வருடக்கணக்கில் நீளும் பாதை இது. அதன் முதல் படியில் நிற்பது ஒன்பது பேர் கையெழுத்துப் போடும் ஒரு தாள்.

அந்தத் தாளை நாங்கள் எப்படி நடத்தி வந்தோம் என்பதை மறைப்பதில் பயனில்லை. யாராவது விண்ணப்பித்தால், “நல்ல பையன், நல்ல குடும்பம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். கேள்வி கேட்டால் கர்த்தருடைய காரியத்தில் குறுக்கே நிற்கிறோம் என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். நம்ம சேகரத்திலிருந்து ஒரு ஐயர் போகிறார் என்ற பெருமை இன்னொரு பக்கம் (குருவானவரை எங்கள் ஊரில் ஐயர் என்றுதான் சொல்வோம்). குருவானவருக்கு மாதச் சம்பளமும் குருமனையும் ஊரில் ஒரு மதிப்பும் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை வாய்விட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த நிகழ்வுக்கு ஆறு வருடம் முன்பு அப்படி ஒன்பது கையெழுத்தோடு அனுப்பிய ஒருவர் இரண்டாம் ஆண்டின் பாதியில் திரும்பி வந்தார். “ஐயருக்குப் படிக்கப் போய் ஓடி வந்தவன்” என்று டீக்கடையிலும் பேச்சு, ஆலயத்து வாசலிலும் பேச்சு. மூன்று மாதத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். ஏன் வந்தாய் என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விண்ணப்பம்

தம்பிக்கு அப்போது 22 வயது. வேதியியலில் பட்டம். அப்பா இறந்துவிட்டார். அம்மா அரசுப் பள்ளியில் சத்துணவு உதவியாளர். திருமணமான அக்கா ஒருவர். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே வேத வினாவிடைப் போட்டிகளில் இவருக்குத்தான் முதல் பரிசு. வாலிபர் ஞாயிறன்று செய்தி கொடுத்தால் பின்வரிசைக்காரர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

நாலு வயதில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்திருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். இனி நம் கையில் இல்லை என்று டாக்டர் சொன்ன இரவில், அம்மா வராந்தாவில் முழங்கால்படியிட்டு, “பிள்ளை பிழைச்சா உமக்கே ஊழியத்துக்குக் கொடுத்துடுறேன்” என்று பொருத்தனை, அதாவது நேர்ச்சை, பண்ணினார். பிள்ளை பிழைத்தார். ஊருக்கே தெரிந்த கதை இது. ஆலயத்தை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையில் அம்மா பலமுறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். சிறுவயதிலேயே தம்பியை ஊரில் பாதிப்பேர் “குட்டி ஐயரே” என்றுதான் கூப்பிடுவார்கள்.

விண்ணப்பம் வந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு நற்செய்திக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மூன்றாம் நாள் இரவில், “இந்தக் கூட்டத்தில் ஒரு சாமுவேல் இருக்கிறான், தாயின் பொருத்தனை அவனைத் தேடுகிறது” என்றார். வேதத்தில் சாமுவேல், தாய் அன்னாளின் பொருத்தனையால் ஆலயத்துக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளை. கூட்டம் முழுவதும் திரும்பித் தம்பியைப் பார்த்தது. அவர் எழுந்து முன்னே போனார். அந்தப் பிரசங்கியார் முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது தம்பி வீட்டில்தான் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

முதல் சந்திப்பில் கவனித்தவை

ஜூன் மாதம் கமிட்டி கூடியது. ஒன்பது பேரில் ஏழு பேர் அன்றைக்கே கையெழுத்துப் போடத் தயார். எங்கள் ஐயர் மட்டும், “தம்பிகிட்ட கொஞ்சம் பேசிட்டுப் போடுவோமே” என்றார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. “உனக்கு எப்போ தெரிஞ்சுது தம்பி?”

தம்பி இருபத்தைந்து நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். மினிட் எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பாதியில் ஒன்று உறைத்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் அம்மாதான் எழுவாய். அம்மா ஜெபித்தார், அம்மா ஒப்புக்கொடுத்தார், அம்மா கனவு கண்டார், பிரசங்கியார் சொன்னார். ‘நான்’ வந்த இடங்கள் இரண்டு. “நான் முன்னே போனேன்”, “நான் கீழ்ப்படிகிறேன்.”

அழைப்பு என்ற சொல்லுக்குத் திருச்சபையில் பழைய காலத்திலிருந்தே இரண்டு முனை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின், ஊழியன் தன் மனச்சாட்சியில் கடவுளுக்கு முன்பாக உணரும் இரகசிய அழைப்பு ஒன்று, சபை வெளிப்படையாகக் கொடுக்கும் அழைப்பு ஒன்று என்று பிரித்து எழுதினார். எங்கள் திருச்சபைக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பக்கத்திலிருந்து வந்த மரபிலும் இதுவே. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில், உதவிகுருப் பட்டத்துக்கு நிற்பவரிடம் பேராயர், பரிசுத்த ஆவியினால் உள்ளத்தில் ஏவப்பட்டிருப்பதாக நம்புகிறாயா என்று கேட்கிறார். அதே ஆராதனையில் சபையாரைப் பார்த்து, இவரிடம் ஏதாவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்கிறார். ஆளையும் கேட்கிறார்கள், சபையையும் கேட்கிறார்கள். தாயின் பொருத்தனைக்கு அங்கே தனியாக ஒரு கேள்வி இல்லை.

இதையெல்லாம் அன்றைய கூட்டத்தில் நான் அழகாக எடுத்துச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு மனசு சரியில்லை, அவ்வளவுதான். கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தோம்.

அந்த வாரத்தில்தான் திருப்பூருக்குப் போன் செய்தேன். ஆறு வருடம் கழித்து. அவர் மரியாதையாகத்தான் பேசினார். நான் கேட்டதற்கு, “ஒம்பது பேர் கையெழுத்துப் போட்டீங்க சார். ஒருத்தர்கூட உனக்கு விருப்பமான்னு கேக்கலை” என்றார். அப்புறம் பேச்சை மாற்றி, என் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

கமிட்டியின் முடிவும் காரணமும்

அடுத்த கூட்டம் நாலு மணி நேரம் நீண்டது. மூத்த உறுப்பினர் அண்ணாச்சி ஒருவர் கோபப்பட்டார். “வெள்ளாளன்விளை அசரியா ஐயரும் அம்மா ஜெபத்துல பிறந்தவர்தானே. சாமுவேல்னுதானே பேரு வச்சாங்க? இப்படி ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருந்தா அவர் பேராயர் ஆகியிருப்பாரா?” நியாயமான கேள்விதான். சாமுவேல் அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். ஆனால் ஐயர் இன்னொன்றையும் நினைவூட்டினார். அசரியா பத்து வருடத்துக்கு மேல் ஒய்.எம்.சி.ஏ.வில் ஊர் ஊராக வேலை பார்த்தவர். 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் உதவிகுருப் பட்டம் பெற்றது 1909இல்தான். பேர் வைத்த நாளுக்கும் பட்டம் பெற்ற நாளுக்கும் நடுவில் அவர் சொந்தமாகப் பார்த்த வேலை நிறைய இருந்தது.

கடைசியில் எடுத்த முடிவு இதுதான். சிபாரிசை மறுப்பதில்லை, உடனே கொடுப்பதும் இல்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிளைச் சபையில் பத்து மாதம் சபை உதவியாளராக இருக்கட்டும். 42 குடும்பம். அங்கே தங்கியிருக்கும் ஊழியர் யாரும் இல்லை. மாதம் 4,000 ரூபாய், ஒரு சைக்கிள். சனிக்கிழமை தோறும் ஓய்வு பெற்ற உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) ஒருவரைச் சந்தித்துப் பேச வேண்டும். தினமும் ஒரு நோட்டில் அன்றைக்குச் செய்ததை எழுத வேண்டும். மாதத்துக்கு ஒரு பிரசங்கம்தான்.

கடைசி நிபந்தனைக்குத்தான் அதிக எதிர்ப்பு. “அவனுக்கு வர்றதே பிரசங்கம்தானே?” என்றார்கள். அதனால்தான் வைத்தோம். பேச்சுத் திறமையையும் அழைப்பையும் குழப்பிக்கொள்வது எங்கள் ஊர்ப் பக்கம் சர்வசாதாரணம். பேச முடியாமல் இருந்தால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க நினைத்தோம். கிளைச் சபையில் விட்டுப் பார்ப்பதும் நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன்தான் புராட்டஸ்டண்ட் மரபில் முதல் இந்தியக் குரு. அவரும் அதற்கு முன் பல வருடம் உபதேசியாராக இருந்தவரே.

ஒரு தவறு அன்றே நடந்தது. முடிவைத் தம்பியிடம் சொன்னோம். அம்மாவிடம் போய் யாரும் சொல்லவில்லை. அவர் மறுநாள் மளிகைக்கடையில் கேள்விப்பட்டார், அதுவும் “கமிட்டி உன் மகனை வேண்டாம்னு சொல்லிட்டாமே” என்ற வடிவத்தில்.

கிளைச் சபையில் பத்து மாதம்

முதல் இரண்டு மாத நோட்டு ஒழுங்காக இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வீடு, நாலு வீடு, ஜெபித்தேன், வேதபகுதி இன்னது. உபதேசியார் அதைப் புரட்டிவிட்டு என்னிடம், “இவ்வளவு ஒழுங்கா இருந்தா எனக்குச் சந்தேகம் வரும் சார்” என்றார். அவர் நேரில் போய் விசாரித்தார். தம்பி போனது பெரும்பாலும் அதே ஆறு வீடுகள். படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் வீடு அதில் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் மாதம் உபதேசியார் அவரை ஒரு பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனார். படுக்கைப்புண், அறை முழுவதும் வாடை. தம்பி கண்ணை இறுக மூடி அருமையாக ஜெபித்தார். பாட்டி, “நல்லா இருப்பே ராசா” என்றார். வெளியே வந்ததும் வேலியோரம் வாந்தி எடுத்தார். உபதேசியார் என்னிடம் சொன்னது வாந்தியைப் பற்றி அல்ல: “வாந்தி எல்லாருக்கும் வரும். ஆமென் சொன்ன பிறகும் அவன் கண்ணைத் திறக்கலை சார். திறந்தது வாசல்லதான்.”

செப்டம்பரிலிருந்து நோட்டின் தோரணை மாறுகிறது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குக் கேட்டு வந்திருக்கிறான். அடுத்த வாரம் மூன்று பேர். பொங்கலுக்குள் பதினாலு பேர். ஆலயத்துத் திண்ணையில் தினமும் மாலை வகுப்பு. வீடு சந்தித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதுகிறவர், வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறார். எந்தப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை, ஏன் புரியவில்லை, நிலக்கடலையை வைத்துச் சொன்னபோது எப்படிப் புரிந்தது என்று. ஒருநாள் அதில் ஒரு வரி: “இன்று ஆறரை மணி ஆனது தெரியவே இல்லை.” முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். அந்த வரி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்போது அதைக் கமிட்டியில் சொல்லவில்லை. வாத்தியார் வாத்தியாரைத்தான் பார்ப்பான் என்று சொல்வார்களோ என்ற தயக்கம்.

நோட்டில் இன்னொரு பேரும் திரும்பத் திரும்ப வருகிறது. “தையல் அக்கா ஏற்கெனவே வந்திருந்தார்.” “தையல் அக்கா புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.” “எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று தையல் அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.” அவர் அந்தக் கிளைச் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை, 26 வயது, தையல் வேலை. பிறகு எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று இடம். படிக்கும்போது எங்கள் கண் தம்பி மேலேயே இருந்ததால் அந்தப் பேர் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை.

பிப்ரவரியில் கிணறு வெட்டப் போன ஒரு தொழிலாளி பாறை சரிந்து இறந்தார். ஐயர் திருமண்டலக் கூட்டத்துக்காக வெளியூரில். அடக்க ஆராதனையைத் தம்பி நடத்தினார். ஒரு சொல் பிசகவில்லை, குரல் உடையவில்லை. “எங்க ஐயரே தோத்தார்” என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அன்று இரவு அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனார்.

“படிச்சேன் ஐயா. உள்ள ஒண்ணுமே இல்லை.”

உபதேசியார் அவசரப்படவில்லை. “எனக்கு முப்பது வருஷத்துல பல அடக்கம் அப்படித்தான் இருந்திருக்கு. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகணும்னு உனக்குத் தோணுதா?”

ரொம்ப நேரம் கழித்துத் தம்பி சொன்னது: “போகாம இருக்க முடிஞ்சா நல்லாருக்கும்னு தோணுது.”

அப்புறம்தான் எல்லாம் வந்தது. பிரசங்கியார் பேசிய இரவில் தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, எல்லோரும் பார்த்ததால் எழுந்து போனேன் என்றார். சிறுவயது முதல் ஒரு பயம் இருக்கிறது, ஊழியத்துக்குப் போகாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. இரண்டு வருடம் முன்பு அக்காவுக்குக் கரு கலைந்தபோது உறவில் ஒருவர், “பொருத்தனையைத் தள்ளிப்போட்டா இப்படித்தான்” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தூக்கமே சரியில்லை. நாங்கள் அழைப்பு என்று இத்தனை மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு பயத்தை.

பொருத்தனையை என்ன செய்வது

இந்த இடத்தில் கமிட்டி ஒதுங்கிக்கொண்டது. ஐயர்தான் பார்த்தார். அம்மாவை மூன்று தடவை சந்தித்தார். இரண்டாவது, மூன்றாவது தடவை நானும் கூட இருந்தேன்.

முதல் தடவை அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்று பேசினாராம். “கர்த்தர்கிட்ட சொன்ன வார்த்தையை மாத்த நான் யாரு?”

இரண்டாவது தடவை ஐயர் வேதத்தைத் திறந்து 1 சாமுவேலை வாசித்தார். அன்னாள் பொருத்தனை பண்ணுவது முதல் அதிகாரத்தில். பிள்ளையைக் கொண்டுபோய் ஆலயத்தில் விடுவதும் அங்கேதான். ஆனால் கர்த்தர் சாமுவேலைக் கூப்பிடுவது மூன்றாம் அதிகாரத்தில். அந்தக் கூப்பிடுதல்களுக்கு நடுவில் வரும் வசனம், “சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்” என்று சொல்கிறது. இத்தனைக்கும் அவன் ஆலயத்துக்குள்ளேயே படுத்திருந்தவன். ஐயர் சொன்னது: “அம்மா, அன்னாள் பிள்ளையைக் கொண்டுபோய் விடத்தான் முடிஞ்சது. கூப்பிட்டது அவர். அதுவும் பேர் சொல்லி, தனியா, ராத்திரியில. உங்க பொருத்தனையை நீங்க நிறைவேத்திட்டீங்க. இருபது வருஷமா ஆலயத்துல கொண்டுவந்து விட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?” அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்குக் காப்பி கொடுத்தார்.

மூன்றாவது தடவை லேவியராகமம் 27. நானே அதை அப்படி வாசித்ததில்லை. ஆட்களைப் பொருத்தனை பண்ணியவர்கள் பணம் செலுத்தி மீட்டுக்கொள்ள அங்கே ஒரு கணக்கே இருக்கிறது. இருபது முதல் அறுபது வயது ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, ஐந்து வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைக்கு 5 சேக்கல், முடியாத ஏழைக்கு அவரவர் திராணிக்கேற்ப ஆசாரியன் மதிப்பிட வேண்டும். விலை சொல்வதற்காக ஐயர் இதை வாசிக்கவில்லை. உணர்ச்சி வேகத்தில் பெற்ற பிள்ளையையே பேசிவிடுவார்கள் என்று தெரிந்து, நியாயப்பிரமாணமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டத்தான் வாசித்தார். பொருத்தனைக்காகத் தன் மகளையே பலி கொடுத்த யெப்தாவின் கதையை அவர் தொடவே இல்லை. தொட்டிருந்தால் அம்மா உடைந்திருப்பார்.

எட்டு நாள் கழித்து அம்மா என் வீட்டுக்கு வந்தார். ஒரு கவர். உள்ளே நூறு ரூபாய்த் தாள் ஐம்பது. சீட்டு எடுத்த பணம். “ரசீது போடுங்க சார்.”

இதைக் கமிட்டியில் வைத்தபோது பெரிய விவாதம் ஆனது. “கிறிஸ்து வந்த பிறகு லேவியராகமத்துக் கணக்கா? கர்த்தரிடம் பேரம் பேசவா?” என்று ஓர் உறுப்பினர் கடுமையாகக் கேட்டார். அவர் கேட்டது சரியென்றுதான் இன்றும் எனக்குப் படுகிறது. அதே சமயம் அந்தக் கவரை வாங்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் அந்த அம்மா எப்படித் தூங்கியிருப்பார் என்றும் எனக்குத் தெரியவில்லை. மீட்பின் தொகை என்று எழுதக்கூடாது என்பதில் ஐயர் உறுதியாக இருந்தார். ‘ஸ்தோத்திரக் காணிக்கை’ என்று ரசீது போட்டோம். அம்மா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

என்ன ஆனது

ஏப்ரல் கடைசியில் தம்பி நாலு வரியில் கடிதம் கொடுத்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். கமிட்டி அதைப் பதிவு செய்துகொண்டது. சபையில் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. ஓடிவந்தவன் என்ற பேர் இவருக்கும் வரக்கூடாது என்பதற்காக. வரத்தான் செய்தது, ஆனால் குறைவாக.

அவர் பி.எட். முடித்து இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சனிக்கிழமை அந்தத் திண்ணை வகுப்பு நடக்கிறது. இதுவும் அழைப்புதான் என்று ஆளாளுக்கு அவரிடம் சொல்கிறார்களாம். “கொஞ்ச நாளைக்கு அந்த வார்த்தை இல்லாம இருக்கேன் சார்” என்றார் என்னிடம்.

அம்மா நாலு மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்துக்குக் காய் வெட்ட வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் சாட்சி சொல்லவில்லை.

தையல் அக்கா விஷயம் இப்படி. ஜூலையில் நோட்டைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் அந்த இருபத்து மூன்று இடங்களையும் எண்ணினேன். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து வருகிறது. எங்கள் சேகரத்திலிருந்து ஒரு பெண்கூட விண்ணப்பித்ததில்லை. ஐயரும் நானும் போய்ப் பார்த்தோம். மே மாதமே அவருக்கு நிச்சயம் முடிந்திருந்தது, மாப்பிள்ளை கோவை. “போன வருஷம் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் ஐயா” என்றார். இரண்டு வருடம் முன்பு ஐயரின் மனைவி ஐயரம்மாவிடம் ஒருமுறை, பெண்கள் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறார். விசாரித்துச் சொல்கிறேன் என்று ஐயரம்மா சொல்லியிருக்கிறார். அப்புறம் மறந்துபோயிருக்கிறது. அவர் இப்போது கோவையில் இருக்கிறார். அந்தக் கிளைச் சபையில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க இன்று வாரம் ஒருமுறைதான் ஆள் போகிறது.

இப்போது என்றால் எதை மாற்றுவோம்

விண்ணப்பித்தவரைக் குடும்பத்தார் இல்லாமல், கமிட்டியும் இல்லாமல், இரண்டு பேர் மட்டும் முதலில் சந்திக்க வேண்டும். ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க 22 வயதுப் பையன், “எனக்கு விருப்பம் இல்லை” என்று எப்படிச் சொல்வான்? இப்போது அப்படித்தான் செய்கிறோம். கூட்டங்களில் சொல்லப்படும் தீர்க்கதரிசனங்களைக் கோப்பில் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டோம். அவற்றை நம்புகிறவர் நம்பலாம், சிபாரிசுக்கு அவை ஆதாரம் ஆகாது. இதில் கமிட்டிக்குள் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

நோட்டு எழுதச் சொன்னதில் ஒரு கோளாறு இருந்தது. மற்றவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியதால், முதல் இரண்டு மாதத்தில் போகாத வீடுகளையும் போனதாக எழுதியதாகத் தம்பி பிறகு ஒப்புக்கொண்டார். ஊழியத்துக்கு உண்மையானவரா என்று பார்க்க வைத்த நோட்டு பொய் சொல்லப் பழக்கியிருக்கிறது. இப்போது நோட்டு கிடையாது. சனிக்கிழமைப் பேச்சு மட்டும். அதில் பேசியது கமிட்டிக்கு வராது.

பத்து மாதம் என்பது ஓர் இளைஞனுக்குச் சின்ன காலம் இல்லை. அந்த வருடம் அவர் பி.எட். சேர்க்கையை விட்டார். 4,000 ரூபாய் அதற்கு ஈடாகாது. இனி யாரையாவது அப்படி அமர்த்தினால் ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டாரிடம் ஐயரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் மினிட்டில் ஏறியிருக்கிறது.

பெரிய மாற்றம் ஒன்று இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. அப்போஸ்தலர் 13இல் அந்தியோகியா சபை ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோது, பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்ற கட்டளை சபைக்குத்தான் வருகிறது. விண்ணப்பம் வரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளைச் சபைக்கும் போய், “கஷ்டம் வந்தா நீங்க யாரைத் தேடிப் போறீங்க?” என்று கேட்பது என்று தீர்மானம் போட்டோம். இதுவரை இரண்டு கிளைச் சபைக்குத்தான் போயிருக்கிறோம்.

திருப்பூரில் இருப்பவருக்குக் கமிட்டி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றும் முடிவாயிற்று. உங்களிடம் கேட்காமல் அனுப்பியது எங்கள் தவறு, திரும்பி வந்தபோது கேட்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு என்று. நான்தான் எழுதினேன், ஒரு பக்கம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் பாக்கி.